விடுமுறைக்கு எல்லை ஊருக்குப் போங்கள்: காந்தலூர் தந்த பாடங்கள்

தேர்வு முடிந்த மறுநாளே விடுதி வெறிச்சோடிவிடும். ஈரோடு, தருமபுரிப் பிள்ளைகள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த எனக்கு அப்படி நினைத்தவுடன் வீட்டுக்குப் போக வழியில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் கடல் தாண்டிப் போய்வரும் செலவை உதவித்தொகை தாங்காது. அதனால் விடுமுறை என்றால் எனக்குப் பயணம். பயணம் என்றால் மலையாளம்.

மலையாளம் படிக்கத் தொடங்கிய காரணம் சிரிப்புக்குரியது. கோவையில் நான் வாயைத் திறந்தாலே, “நீங்க கேரளாவா?” என்று கேட்பார்கள். ஆட்டோக்காரர் கேட்டார், மருந்துக்கடையில் கேட்டார்கள், புடவைக்கடையிலும் கேட்டார்கள். தமிழ்நாட்டுக்கு வரும் ஈழத்தமிழர் பலருக்கும் பழகிப்போன கேள்விதான் இது. இல்லை, இல்லை என்று சொல்லி அலுத்தபோது, எல்லோரும் சொல்கிற அந்த மொழியைக் கற்றே விடுவோம் என்று தோன்றியது. மொழியியல் மாணவர் தன் தாய்மொழி தவிர இன்னொரு திராவிட மொழியையாவது பேசுமளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் கைகொடுத்தது.

மொழி படிக்க வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் பலர் விடுமுறையை எங்கே கழிப்பது என்று கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: படிக்கிற மொழி தனியாட்சி செய்யும் பெருநகரத்துக்குப் போகாதீர்கள், அது பக்கத்து மொழியோடு வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் பங்குபோட்டு வாழும் எல்லை ஊருக்குப் போங்கள். என் அனுபவத்தில் அந்த ஊர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் காந்தலூர்.

ஏன் எல்லை ஊர்?

கொச்சியிலோ திருவனந்தபுரத்திலோ நீங்கள் தடுமாறித் தடுமாறி ஒரு மலையாள வாக்கியம் சொன்னால், எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர் செய்வது உதவிதான். ஆனால் உங்கள் பாடம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எல்லை ஊரில் அப்படி நடப்பதில்லை. அங்கே எல்லோரும் தினமும் இன்னொருவர் மொழியைக் கொஞ்சம் உடைத்துப் பேசித்தான் பிழைக்கிறார்கள். பூண்டு வாங்க வரும் உடுமலைப்பேட்டை வியாபாரி அரைகுறை மலையாளம் பேசுவார். கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர் அரைகுறைத் தமிழ் பேசுவார். மூன்றாவதாக ஒருத்தி வந்து இரண்டையும் குழப்பினால் யாருக்கும் அது புதுமையில்லை. சிரிக்கமாட்டார்கள், பொறுமையாகத் திருத்துவார்கள்.

வகுப்பில் நாங்கள் படித்த ஆய்வுகளில் ஒன்று குப்வார் என்ற ஊரைப் பற்றியது. மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். கன்னடமும் மராட்டியும் உருதும் தலைமுறை தலைமுறையாக அருகருகே பேசப்பட்டதால், சொற்கள் வேறாக இருந்தும் வாக்கிய அமைப்பு ஒன்றை ஒன்று நெருங்கிவிட்டதை 1971-இல் கம்பர்சும் வில்சனும் எழுதினார்கள். புத்தகத்தில் படித்தபோது இது எங்கோ நடக்கும் விந்தை என்று பட்டது. காந்தலூரில் ஒரு வாரச் சந்தைப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் அந்தக் கட்டுரை ஏன் எழுதப்பட்டது என்று விளங்கிவிடும்.

குட்டி விடுமுறைக்குப் பாலக்காடு, நீண்ட விடுமுறைக்கு இடுக்கி

எடுத்த எடுப்பில் மலையேற வேண்டாம். சனி, ஞாயிறோடு ஒருநாள் சேர்ந்து வரும் குட்டி விடுமுறைகளைப் பாலக்காட்டுக்கு ஒதுக்குங்கள். கோவையிலிருந்து ரயிலில் ஏறினால், மலைத்தொடர் வழிவிட்டு நிற்கும் அந்தக் கணவாயைத் தாண்டிச் சீக்கிரமே இறங்கிவிடலாம்.

பாலக்காட்டில் மொழி மாணவர் பார்க்க வேண்டியவை என்று மூன்று இடங்களைச் சொல்வேன். முதலாவது தஸ்ராக். ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின்டெ இதிகாசம்’ நாவலுக்குக் களமான சிற்றூர். அவருக்கு நினைவகமும் அங்கே இருக்கிறது. 1969-இல் நூலாக வந்த அந்த நாவலை யூமா வாசுகி தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். முதலில் தமிழில் படியுங்கள். பிறகு மூலத்தின் சில பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அதன்பின் ஊருக்குப் போங்கள். கதை தெரிந்த ஊரில் வழி கேட்பதும் பேச்சுக் கொடுப்பதும் எளிது. இரண்டாவது, சிற்றூர் என்றே பெயர்கொண்ட ஊர். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் அங்கே இருக்கிறது. மூன்றாவது, தமிழ் பேசுவோர் நிறைந்த கொழிஞ்சாம்பாறை. அங்கே ஒரு தேநீர்க் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஒரே மேசையில் இரண்டு மொழியும் கேட்கும்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் ஆனைகட்டி வழியாக அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் அந்தப் பகுதியும் பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் அங்கே ஓடும் பவானி ஆறு தமிழ்நாட்டை நோக்கி வருகிறது. பரம்பிக்குளம் இன்னும் வேடிக்கை. அது கேரளாவின் புலிகள் காப்பகம். அதற்குள் போகும் சாலையோ பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து போகிறது. நிலப்படத்தில் போட்ட எல்லைக்கோட்டைச் சாலையும் ஆறும் மதிப்பதில்லை என்பதை இந்த இடங்கள் காட்டிவிடும். மொழியும் அப்படித்தான்.

காது ஓரளவு பழகிய பிறகு நீண்ட விடுமுறைக்குக் காந்தலூர் போங்கள்.

எழுத்து தெரிந்தபின் பஸ் ஏறுங்கள்

பேச்சு போதும், எழுத்து எதற்கு என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. கேரளாவில் பஸ் பலகை பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். மருத்துவமனைச் சீட்டு, பஞ்சாயத்து அறிவிப்பு, வனத்துறை எச்சரிக்கை எல்லாமும் அப்படியே. கிரந்தத்திலிருந்து கிளைத்த எழுத்து என்பதால் தமிழர் கண்ணுக்குப் பாதி எழுத்துகள் தெரிந்த முகங்களாகவே இருக்கும். கூட்டெழுத்துகள்தான் தொல்லை. முதலில் ஊர்ப்பெயர்களை எழுதிப் பழகுங்கள்: மறையூர், காந்தலூர், கோவில்கடவு, சின்னாறு, மூணாறு. ஐந்து பெயரையும் பலகையில் கண்டவுடன் படிக்க முடிந்தால் அந்த வட்டாரத்தில் நீங்கள் தொலைந்துபோக மாட்டீர்கள்.

இலக்கணத்துக்கு முன்னால் கற்க வேண்டியது விளிக்கும் முறை. எங்கள் ஊரில் யாரையும் ‘நீங்கள்’ என்றால் மரியாதை. மலையாளத்தில் வயதில் மூத்தவரை நேருக்கு நேர் ‘நிங்ஙள்’ என்று சொன்னால் சிலருக்கு அது உறுத்தும். சேட்டா, சேச்சி என்று உறவு சொல்லி அழைத்துவிட்டு, முன்னிலைச் சொல்லே இல்லாமல் வாக்கியத்தை முடிப்பதுதான் பாதுகாப்பு. பாடநூலில் இது ஓர் அடிக்குறிப்பாக இருக்கும். பஸ்ஸில் இதுதான் முதல் பாடம்.

உக்கடத்திலிருந்து அஞ்சுநாடு வரை

கோவை உக்கடத்தில் பஸ் ஏறினால் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை. உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு போகும் பஸ்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு பஸ்ஸும் கேரள கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸும் ஓடுகின்றன. முடிந்தால் போகும்போது ஒன்றிலும் திரும்பும்போது மற்றதிலும் ஏறுங்கள். நடத்துநர், பலகை, சீட்டு, பக்கத்து இருக்கைப் பேச்சு எல்லாம் மாறும்.

உடுமலையில் “ஏறுங்க அம்மிணி, உள்ள எடம் இருக்குது” என்பார் நடத்துநர். அமராவதி நகர்ப் பக்கத்தைத் தாண்டி, ஒன்பதாறு சோதனைச்சாவடியில் தமிழ்நாடு வனத்துறை பார்க்கும். பிறகு சின்னாற்றில் கேரளச் சாவடி. அங்கே கேள்வி மலையாளத்தில் வரும். மறையூர்க் கடையில் சேச்சி ‘மோளே’ என்று கூப்பிடுவார். காந்தலூரில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் பாட்டி ‘தாயி’ என்பார். ஒரே பகல் பொழுதுக்குள் இத்தனை அழைப்புகளுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகினால் பாதி மொழி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாதை காட்டுக்குள் போகிறது. ஒருபக்கம் ஆனைமலை, மறுபக்கம் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். 1984-இல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது; ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். கேரளம் என்றதும் பச்சையையே எதிர்பார்த்து வருபவர்கள் முட்செடியையும் கள்ளியையும் பார்த்துத் திகைப்பார்கள். எனக்கு வன்னியின் காய்ந்த காடுகள் நினைவுக்கு வந்தன. சாம்பல் நிற மலையணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் காடு இது. யானையும் நடமாடும். எனவே பகலிலேயே போய்ச் சேருங்கள்; கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள்.

மறையூரில் இறங்கிக் கோவில்கடவு வழியாகக் காந்தலூருக்கு இன்னொரு பஸ், அல்லது ஆள் சேர்த்துப் போகும் ஜீப். ஜீப்தான் நல்லது. எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்த வண்டியில் யாரும் பேசாமல் இருக்க முடியாது.

ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரைச் சீமையிலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லும் தமிழ் வேளாண் குடிகள் பல தலைமுறைகளாக இங்கே இருக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே மனிதர் வாழ்ந்த அடையாளமாக மறையூர்ப் பாறைகள்மீது முனியறைகள் என்னும் கல்திட்டைகள் நிற்கின்றன.

1956 மாநிலச் சீரமைப்பின்போது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீருமேடும் கேட்டும் கிடைக்காமல் கேரளத்தில் நின்றன. காந்தலூர் தேவிகுளம் தாலுகாவில் உள்ளது. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. இந்த ஒரு செய்தி தெரியாமல் போனால், “கேரளாவில் ஏன் இத்தனை தமிழர்?” என்று ஊர்க்காரரிடமே கேட்டு நிற்பீர்கள். ஊரிலேயே இருந்தவர்கள் அவர்கள். கோடுதான் பின்னால் வந்தது. தேவிகுளம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் 2021-இல் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றது செய்தியானதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழர் வேறு, அஞ்சுநாட்டுத் தமிழர் வேறு. முன்னவர்கள் எங்கள் மலையகத் தமிழரைப் போல வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டங்களுக்கு வேலைக்கு அழைத்து வரப்பட்டவர்கள். பின்னவர்கள் அதற்கு மிக முன்னரே சொந்த நிலத்தில் உழுதவர்கள். பேச்சிலும் வேறுபாடு தெரியும். எல்லாவற்றையும் ‘இடுக்கித் தமிழ்’ என்று ஒரே கோப்பில் போட்டுவிடக் கூடாது.

எந்த இடத்தில் எந்த மொழி?

எல்லை ஊரில் மொழி மாணவருக்கு ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் தமிழர் என்று தெரிந்த நொடியில் எல்லோரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அன்பு மிகுதியில் செய்வதுதான். ஆனால் மலையாளம் பழக வந்தவளுக்கு அது நட்டம். இதற்கு நான் கண்டுகொண்ட வழி, மலையாளம் இயல்பாகப் புழங்கும் இடங்களைத் தேடிப் போவது.

காந்தலூரில் வீடு, கோயில், தோட்டம், கூலிப்பேச்சு ஆகியவை பெரும்பாலும் தமிழில் நடக்கும். பஞ்சாயத்து அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், வனத்துறை, தாழ்நிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகள், தேவாலயம் ஆகியவற்றில் மலையாளம் நடக்கும். பள்ளியில் இரண்டும் உண்டு. 2017-இல் வந்த கேரளச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்பதால், வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைக்கும் மலையாளம் எழுத வரும். தாத்தாவுக்கு வரும் அரசுக் கடிதத்தைப் பேத்தி படித்துச் சொல்லும் வீடுகள் இங்கே சாதாரணம். மொழியியல் நூல்கள் இதற்குப் பெரிய பெயர்களெல்லாம் வைத்திருக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்தால் பெயரில்லாமலே பார்த்துவிடலாம்.

இதிலிருந்து கிடைக்கும் உபாயம்: தங்குவதற்கு மலையாளம் பேசும் குடும்பத்தின் வீட்டைப் பிடியுங்கள், பகலில் தமிழ் விவசாயிகளின் தோட்டங்களில் நடங்கள். காலை, மாலை மலையாளம், பகலில் தமிழ். காலையில் தேநீர்க் கடைக்குப் போய் மலையாளப் பத்திரிகையின் தலைப்புகளை வாய்விட்டுப் படியுங்கள். யாராவது ஒருவர் திருத்தாமல் இருக்கமாட்டார். எனக்கு அந்தக் கடைகளில் இன்னொரு லாபமும் இருந்தது. புட்டும் கடலைக்கறியும் பால் விடாத தேத்தண்ணியும் எங்கள் ஊர்க் காலைச் சாப்பாட்டுக்கு வெகு பக்கம். யாழ்ப்பாணத்தில் புட்டு எப்படி அவிப்போம் என்று சொல்லத் தொடங்கினாலே போதும், அடுப்படியிலிருந்து சேச்சி வெளியே வந்துவிடுவார். “தேங்ஙா இடுமோ? எத்ர?” என்று கேள்வி மேல் கேள்வி. சமையல் பேச்சில் வினைச்சொற்கள் வரிசையாக வரும்: இடு, குழை, அவி, இறக்கு. எந்தப் பாடநூலும் அவ்வளவு வேகமாக ஏவல் வினையைக் கற்றுத்தராது.

தெரிந்ததைக் கேட்காதீர்கள், செய்வதைக் கேளுங்கள்

“உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டால் ஒரு சொல் கிடைக்கும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். “இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். கால்மணி நேரப் பேச்சு கிடைக்கும்.

மறையூர் வட்டாரத்துக் கரும்பு ஆலைக் கொட்டகை இதற்கு நல்ல இடம். மறையூர் சர்க்கரை என்று கேரளம் முழுதும் பேர்பெற்ற வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் புகை. பிறகு பாகு வாசனை. ஒருபக்கம் கரும்பு பிழிபடும். பிழிந்த சக்கையே காய்ந்து அடுப்புக்கு விறகாகும். அகன்ற கொப்பரையில் சாறு கொதித்து, அழுக்கு நுரையாக மேலே வர வர ஒருவர் நீண்ட கரண்டியால் வழித்து எறிந்துகொண்டே இருப்பார். பதம் வந்ததும் பாகை மரத்தொட்டியில் ஊற்றித் துழாவி, சூடு ஆறுமுன் கையாலேயே உருண்டை பிடிப்பார்கள். உருண்டையில் விரல் அச்சு பதிந்திருக்கும். அச்சில் வார்த்த வெல்லத்தில் அது இராது.

பதம் பார்க்கிறவரிடம், “ஐயா, பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு தமிழில் தொடங்கினார். நடுவில் வந்த மலையாளி முதலாளிக்காக அந்த மொழிக்கு மாறி, விலை பேசும்போது கலவையாகி, மறுபடி என்னிடம் தமிழுக்கு வந்தார். எந்த இடத்தில் மாறினார், யாருக்காக மாறினார் என்பதைக் கொட்டகைக்கு வெளியே வந்ததும் குறித்துக்கொண்டேன். பருவத் தேர்வுக்கு நான் எழுதிய கட்டுரைகளில் உருப்படியானது அந்தக் குறிப்பிலிருந்து வந்ததுதான்.

காந்தலூர்த் தோட்டங்களிலும் இதே வழிதான். கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரம் என்பதால் கேரளத்தில் வேறெங்கும் எளிதில் காணாத ஆப்பிள், பிளம், பீச், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் இங்கே விளைகின்றன. பூண்டும் அப்படித்தான், காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வரிசையில் அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் குறியீடு பெற்றன. பாலக்காட்டு எல்லையும் இடுக்கி எல்லையும் சேர்ந்து வாங்கிய மதிப்பு இது. விதை எங்கே வாங்குகிறீர்கள், எந்தச் சந்தைக்குப் போகிறது, விலையை யார் சொல்கிறார் என்று கேட்டால், மலையைவிட்டு இறங்கும் பாதையும் அதில் பேசப்படும் மொழிகளும் தாமாக வெளிவரும்.

குடிகளுக்குள் நுழையுமுன்

சின்னாற்றுக் காட்டிலும் காந்தலூரைச் சுற்றிய மலைகளிலும் பழங்குடியினரான முதுவரும் மலைப்புலையரும் ‘குடி’ எனப்படும் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். முதுவர் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக 2010-இல் அமைந்த இடமலக்குடி இதே மாவட்டத்து முதுவர் நிலம்தான். மொழி மாணவருக்கு நாவூறும் செய்தி இது. ஆனால் நாவூறியதும் கிளம்பிவிடக் கூடாது.

அந்தக் குடிகள் சுற்றுலா இடமல்ல, அவர்கள் வீடு. ஆய்வு என்று போவதானால் வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை அனுமதியும் பல்கலைக்கழகத் துறையின் கடிதமும் வேண்டும். குடித் தலைவரின் சம்மதம் எல்லாவற்றுக்கும் மேல். ஒரு சில நாள் விடுமுறையில் வந்த மாணவர் கைப்பேசியை நீட்டி, “உங்கள் பேச்சில் பேசுங்கள்” என்று கேட்பது அநாகரிகம். அவர்களைச் சந்திக்க ஒழுங்கான வழி இருக்கிறது. சின்னாற்றில் வனத்துறை நடத்தும் மலைநடைகளுக்கு வழிகாட்டிகளாக வருபவர்கள் இந்தக் குடிகளைச் சேர்ந்தவர்களே. சீட்டு வாங்கி அவர்களோடு நடங்கள். தாயண்ணன்குடியில் கைவிட்டுப்போன பழைய கேழ்வரகு வகைகளை மீண்டும் விதைத்த கதையை அவர்கள் வாயால் கேளுங்கள். பதிவுக் கருவி பையிலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்கு

இந்திய மாணவருக்கு இல்லாத சில வேலைகள் நமக்கு உண்டு. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதியோ வீடோ 24 மணி நேரத்துக்குள், ‘சி படிவம்’ என்று பலரும் சொல்லும் வருகைப் பதிவைச் செய்ய வேண்டும் என்பது சட்டம். மலையூரில் சிறிய தங்குமிடங்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு வசதி இராது. முகத்தையும் தமிழையும் பார்த்து உள்ளூர் என்று நினைத்து அறை தருவார்கள். கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிப்பார்கள். அவர்கள்மேல் பிழையில்லை. புறப்படுமுன் தொலைபேசியில், “நான் இலங்கைக்காரி, சி படிவம் பதிவீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டு, விசா, கல்லூரி அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். நகல் ஒன்று விடுதித் தோழியிடம் இருக்கட்டும்.

சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். மலை வளைவில் சிக்னல் போனால் கைப்பேசிப் பணம் உதவாது. சாவடியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைப் பிடுங்கி வைப்பார்கள். எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். மறையூர், இயற்கைச் சந்தனக்காட்டுக்குப் பேர்போன இடம். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சுள்ளியைக்கூட நினைவாகப் பொறுக்காதீர்கள், வழக்காகிவிடும்.

ஜூன், ஜூலையில் மூணாறு நனைந்து நடுங்கும்போது காந்தலூர்ப் பக்கம் மழை குறைவாக இருக்கும். அது இந்த மழைமறைவின் சலுகை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கேயும் பெய்யும். அப்போது பாதையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆப்பிள் பார்க்க ஜூலை, ஆகஸ்ட். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2023-இல் காந்தலூருக்குச் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருது கொடுத்தது. அதன்பின் சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம். வார நாள்களில் போக முடிவது மாணவருக்குக் கிடைத்த வரம். அறை வாடகையும் குறையும், ஊர்க்காரருக்குப் பேச நேரமும் இருக்கும்.

தனியாகப் போகும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. குடும்பம் தங்கியிருக்கும் வீடாகப் பார்த்து அறை எடுங்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். இங்கே மனிதரைவிடக் காட்டெருமைக்கும் யானைக்கும்தான் பயப்பட வேண்டும்.

திரும்பிய பிறகு

பயணத்தில் கேட்டதை அன்றன்று இரவே எழுதிவிட வேண்டும். நான் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: இடப்புறம் கேட்டது, வலப்புறம் யார் யாரிடம் எந்த இடத்தில் சொன்னார் என்பது. வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கத்துக்கு மதிப்பில்லை. விடுதிக்குத் திரும்பியதும் மலையாளம் தெரிந்த ஒருவரிடம் அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டுங்கள். அவர், “இது மலையாளமே இல்லை” என்று சொல்லும் வரிகளை அடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எல்லையில் பிறந்த வரிகள் அவைதான்.

பாம்பாறு கேரளத்தில் பிறந்து கிழக்கே இறங்கி அமராவதி அணைக்குப் போகிறது. அங்கிருந்து கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இரண்டு மாநிலத்துக்காரர்கள். இரண்டு மொழி பேசுகிறவர்கள். இப்படி ஒரு ஆறோ கணவாயோ சாலையோ நீங்கள் படிக்கும் நாட்டிலும் கட்டாயம் இருக்கும். ஜெர்மன் படிப்பவருக்குப் பிரான்ஸ் எல்லையில், பிரெஞ்சு படிப்பவருக்குப் பெல்ஜியத்தில், சிங்களம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வவுனியாவிலும் புத்தளத்திலும் காந்தலூர்கள் உண்டு. அடுத்த விடுமுறைக்குத் தலைநகரத்துக்குச் சீட்டு எடுக்குமுன் நிலப்படத்தை விரித்து எல்லைக்கோட்டின்மேல் விரலை ஓட்டுங்கள். பஸ் போகும் முதல் ஊரில் இறங்குங்கள். எழுத்தைப் படித்துக்கொண்டு போங்கள், அனுமதி கேட்டுப் பேசுங்கள், கடவுச்சீட்டை மறக்காதீர்கள்.